வட்டத்துக்குள் ஒரு வாய்

இந்தப் படம் ஊத்திக்கொள்ளும் என்பதில் சவரிமுத்துவுக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. சாம்பல் வீரனாம், சாம்பல் வீரன்! பாத்திரம் தேய்க்கிற பவுடருக்கு வைக்க வேண்டிய பேர். வாசலில் ஆளுயரத்துக்கு அட்டையில் வெட்டி நிறுத்தியிருந்தார்கள், உடம்போடு ஒட்டின சாம்பல் நிறச் சட்டை, முதுகில் கிழிந்து தொங்குகிற ஒரு போர்வை, முகத்தில் மூன்று நாளாக வயிறு போகாதவனின் கடுகடுப்பு. அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் முகத்திலும் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை, வெயிலுக்கு ஒதுங்கின முகம்தான் எல்லாருக்கும். சனிக்கிழமை மத்தியானம், வடபழனி வெயில், உள்ளே ஏசி, அது போதும் அவர்களுக்கு. ஊத்திக்கட்டும், நமக்கென்ன, நாம என்ன படம் பார்க்கவா வந்தோம் என்று நினைத்துக்கொண்டே சீட்டில் சாய்ந்தார், சாய்ந்ததும் சீட்டும் கூடவே பின்னால் போக, ஐயோ என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சாம்பல் வீரன் தமிழில் பேசுவது இவர் குரலில்தான். டப்பிங் தொழிலுக்கு வந்து தலை நரைத்தபிறகு முதல்முதலாக ஒரு கதாநாயகன். அதுவும் எப்பேர்ப்பட்ட கதாநாயகன், பாத்திரப் பவுடர்! ஆனால் பேசினாரே தவிர, படத்தை அவர் பார்த்ததில்லை, இதை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை, பெண்டாட்டி ராணியின் தம்பி ஒருநாள் விழுந்து விழுந்து சிரித்தான், அது எப்படி மாமா படத்தைப் பார்க்காமலே படத்துல பேசுவீங்க என்று. படம் திருட்டுப் போய்விடும் என்ற பயத்தில் வெளிநாட்டுக்காரர்கள் திரை முழுக்கக் கறுப்படித்துத்தான் டப்பிங்குக்கு அனுப்புவார்கள். பேசுகிறவனின் வாய் மட்டும் ஒரு சின்ன வட்டத்துக்குள் தெரியும். அந்த வாய் எங்கே நிற்கிறது, யாரைப் பார்த்துப் பேசுகிறது, பகலா ராத்திரியா, ஒரு மண்ணும் தெரியாது. கதையும் வரிசையாக வராது, முதல் நாள் சாவான், அடுத்த நாள் கல்யாணம் பண்ணுவான். இருட்டு ரூமில் தனியாக நின்றுகொண்டு ஒரு வாயைப் பார்த்து வாயசைக்கிற வேலை, அவ்வளவுதான், இதைப் போய்ப் பெருமை பேசிக்கொள்ள முடியுமா.

அவர் வந்தது ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள. கடைசியில் இருப்பது என் குரலா, இல்லை வேறு எவனுடையதாவதா. அதைத் தெரிந்துகொண்டால் போதும், எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம், ஆனால் கடைசியில் இருப்பதைத் தெரிந்துகொள்ளக் கடைசி வரை உட்கார வேண்டுமே. டப்பிங்கின் கடைசி நாளில் குரல் உடைந்துவிட்டது. உடைந்தது என்று சொல்வதா, போய்விட்டது என்று சொல்வதா, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தேன்மொழி, அவள்தான் தமிழுக்கு எல்லாம் பார்த்துக்கொள்கிறவள், மகள் வயசு, கெட்டிக்காரி, ஹெட்போனைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "சார், நீங்க போய் ரெஸ்ட் எடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றாள். பாத்துக்கறோம்னா என்ன அர்த்தம்? அன்றிலிருந்து இந்த ஒரு வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார். எடுத்ததை வைத்து ஒப்பேத்திக்கொள்கிறோம் என்றா, இல்லை வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்றா? ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள், அந்தப் பெண்ணுக்குப் பொய் வராது, அதுதான் பயம். அப்புறம் குரலைக் கேட்டாலே அவளுக்கும் தெரிந்துவிடும், இன்னும் சரியாகவில்லை என்று. திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், சரி, தொண்டையில் ஆபரேஷன் பண்ணுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். எதைச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இந்தப் படத்தில் முழுக்க நானே இருந்தேன் என்றால் போகிறது, ஒரு கதாநாயகனை முழுசாகப் பேசிவிட்டோம், இனி கத்தி பட்டாலும் பரவாயில்லை என்று தோன்றுமோ என்னவோ. இல்லையென்றால்? இல்லையென்றால் என்ன செய்வது என்பதை அவர் இன்னும் யோசிக்கவில்லை.

பக்கத்தில் சகாயராணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். பைக்குள் சுக்கு வெந்நீர் பிளாஸ்க். வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் பையைத் தடவின பெண்ணிடம், "மருந்தும்மா" என்று சொல்லி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் உள்ளே நடந்துவிட்டாள். பொய் சொன்னதற்கு அப்புறம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கொள்ளலாம் என்கிற தைரியம். அவளிடம் அவர் சொல்லியிருப்பது ஜலதோஷம். இரண்டு மாதமாக ஒரே ஜலதோஷம்! கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிப்பதை நிறுத்தியதற்கும் அதே ஜலதோஷம்தான், சாமியார்கூட, என்ன சவரி, சளி இன்னும் விடலையா என்று கேட்டுவிட்டார். ராணி ஒன்றும் கேட்பதில்லை. காலையும் சாயங்காலமும் மிளகைத் தட்டிப்போட்டு ஏதாவது காய்ச்சிக் கொடுக்கிறாள், குடிக்கிறவரைக்கும் எதிரிலேயே நிற்கிறாள். இவளுக்குத் தெரியுமா தெரியாதா? தெரிந்தால் கேட்டிருப்பாளே. கேட்காதவள் இல்லையே அவள், அரிசியில் ஒரு கல் இருந்தால் கடைக்காரனைத் தெரு முனை வரை விரட்டுகிறவள். அவள் காதுதான் இந்த வீட்டில் பெரிய காது. கல்யாணமான புதிதில் ஆரம்பித்த விளையாட்டு அது, டிவியில் ஏதாவது டப்பிங் படம் ஓடும், அவள் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருப்பாள், திரும்பியே பார்க்க மாட்டாள், கூட்டத்தில் ஒருவன் "டேய், பிடிங்கடா அவனை" என்று கத்துவான், உடனே இவள், "இது நீங்க" என்பாள். செத்து விழுகிறவனின் அலறல் ஒன்றே ஒன்று, அரை நொடி, "இது நீங்க." ஒருமுறை குதிரை கனைத்தது. அதையும் இவர்தான் கனைத்திருந்தார், அன்றைக்கு ஆள் வரவில்லை. "இதுவும் நீங்கதானே?" என்று கேட்டுவிட்டு, வாழைக்காயை அப்படியே போட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இன்றைக்குப் படம் ஆரம்பித்ததிலிருந்து அவள் அதைச் சொல்லவே இல்லை. கதாநாயகனே நாம்தான் என்கிறபோது ஒவ்வொரு வசனத்துக்குமா சொல்லிக்கொண்டிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார், இருந்தாலும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

ஓ, யோசனையில் திரையைக் கவனிக்கவே இல்லையே! ஒரு பெரிய கட்டிடம், லிஃப்ட் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது, மேலே இருந்து ஒருவன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஸ்பேனரால் எதையோ திருகுகிறான், அட, இவன்தானா அந்த வாய்! இந்த வாய்க்கு மேலே இப்படி ஒரு மூக்கா, இவ்வளவு சோர்ந்த கண்ணா, இது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் பேசியிருக்கலாமே. லிஃப்ட் மெக்கானிக். சவரிமுத்து அவனை ஒரு ராணுவக்காரன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார், அந்த விறைப்போடு பேசித் தொலைத்திருக்கிறார், ஆனால் பாருங்கள், அந்த விறைப்பு இவனுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, பயந்தவன் விறைப்பாகப் பேசுகிற மாதிரி இருக்கிறது. லிஃப்ட் இறங்குகிற குழியில் தீப்பிடிக்கிறது, உள்ளே போனவன் வெந்து சாம்பலாகிறான், சாம்பல் கூடித் திரும்ப ஆளாகிறது, சரிதான், இதுதான் கதை, காதில் பூ. ஆனால் திரும்ப ஆளாகும்போது சுண்டுவிரல் மட்டும் வரவில்லை. அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். ஒவ்வொரு தடவை சாம்பலாகி யாரையாவது காப்பாற்றித் திரும்பும்போதும் உடம்பில் ஏதோ ஒன்று குறைந்து போகிறது, அதை அவன் பெண்டாட்டியிடம் மறைக்கிறான், கையுறை மாட்டிக்கொண்டு சாப்பிடுகிறான். சவரிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தப் பயல் எழுதினான் இதை? பாப்கார்ன் டப்பாவுக்குள் விட்ட கை அங்கேயே நின்றது. அப்புறம் அந்தச் சமையலறை. டப்பிங்கில் அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, வட்டத்துக்குள் வாய் பல்லைக் கடித்துக்கொண்டு துடித்தது, பேப்பரில் "திற... திறந்து தொலை! இன்று உன்னை விடப்போவதில்லை!" என்று இருந்தது. வில்லனின் கோட்டைக் கதவு என்று நினைத்துக்கொண்டு நரம்பு புடைக்கக் கத்தினார், கத்தி முடித்ததும் தேன்மொழி அந்தப் பக்கம் மேஜையில் குனிந்துகொண்டாள், அவள் அழுகிறாள் என்று இவர் நினைத்தார். இப்போது பார்த்தால் அது ஊறுகாய் பாட்டில்! மூன்று விரல் போன கையோடு ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாமல் நின்றுகொண்டு, ஒரு கோட்டையையே பெயர்க்கிற குரலில் அந்த மனுஷன் கத்துகிறான். தியேட்டர் வெடித்துச் சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் மூச்சுத்திணறி, "ஐயோ முடியல, யாருப்பா பேசினது" என்றார். சவரிமுத்துவுக்கு முதலில் வெட்கம் வந்தது, அடுத்த நிமிஷம் அவரும் சிரித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தது தொண்டையில் போய் இடித்து இருமலாக மாறியது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமினார், ராணி திரும்பிப் பார்க்காமலே பிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றி நீட்டினாள்.

வெந்நீர் இறங்குகிற இடம் தெரிந்தது, அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி அப்புறம் இறங்கியது. இங்கேதான் இருக்கிறது அது. டாக்டரம்மா மூக்கு வழியாகக் குழாயை விட்டு உள்ளே இருப்பதை டிவியில் காட்டினாள். அங்கேயும் ஒரு வட்டம், சுற்றிலும் கறுப்பு, நடுவில் இரண்டு வெள்ளைச் சதை, திறந்து திறந்து மூடுகிறது. "ஆ சொல்லுங்க, ஈ சொல்லுங்க" என்றாள், இவர் சொல்லச் சொல்ல அந்த வாய் அசைந்தது, அவருக்குத் தொழில் புத்தி, சரியாக ஒட்டுகிறதா என்றுதான் பார்த்தார். ஒட்டவில்லை. ஒரு ஓரத்தில் பருப்பு மாதிரி ஒன்று உட்கார்ந்துகொண்டு மூடவிடாமல் தடுத்தது. "எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் என்னன்னு தெரியும், தள்ளிப் போடாதீங்க, ஆனா குரல் முன்ன மாதிரி இருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். திங்கக்கிழமை வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க." வீட்டில் யாரை? மகன் கப்பலில் இருக்கிறான், எந்தக் கடலில் என்பதே சரியாகத் தெரியாது. ராணியை. ராணியிடம் என்னவென்று சொல்வது, எந்தக் குரலில் சொல்வது, சொல்லலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் குரலே எல்லாவற்றையும் சொல்லிவிடுமே என்ற பயத்தில் மூடிக்கொள்கிறார். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது, உம், சரி, வை, போதும். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் பழைய வசனங்களைப் பேசிப் பார்ப்பார், தனக்குத் தன் குரல் காதுக்குள் பழையபடிதான் கேட்கிறது, பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, அப்படியென்றால் டாக்டரம்மா சொன்னது கொஞ்சம் அதிகப்படியோ. எது நிஜம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்டர்வெல் என்று போட்டு விளக்கைப் போட்டார்கள், எல்லாரும் எழுந்தார்கள், அவருக்கு எழுந்திருக்க மனசில்லை, மீதிப் படம் எங்கேயோ போய்விடும் போல இருந்தது.

"என்னங்க, கொஞ்சம் காலாற நடந்துட்டு வரலையா?"

"ம்ஹூம்."

"படம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் ராணி, யாரோ கடனுக்குக் கொடுத்த சேலையைப் புகழ்வது போல ஒப்புக்கு. "நீங்க சொன்னீங்களே, குப்பைன்னு."

"குப்பைன்னுதான் நெனச்சேன்." சொன்னது பாதி காற்றாகப் போனது, மறுபாதியை ஏசி இரைச்சல் விழுங்கிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பாப்கார்ன் டப்பாவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பளைக்கு அவன் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"எந்தப் பொம்பளைக்கு?"

"படத்துல. அவன் பொண்டாட்டிக்கு. கையுறை மாட்டிட்டுச் சாப்பிட்டா அவளுக்குத் தெரியாதா? சோறு போடறவளுக்கு விரலு தெரியாதா?"

இவள் படத்தைச் சொல்கிறாளா, என்னைச் சொல்கிறாளா? படத்தைத்தான் சொல்கிறாள், படத்தில்தான் அப்படி வருகிறது, அதை யார் பார்த்தாலும் இதைத்தான் சொல்வார்கள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை, பல்லிடுக்கில் மாட்டின சோளத் தோலை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தாள். மனசுக்குள் ஒரு பதிலைத் தயார் பண்ணினார், பண்ணி முடிப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள், நல்லவேளை என்றும் தோன்றியது, சே என்றும் தோன்றியது.

இரண்டாம் பாதியில் அவர் குரலைக் கவனிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தார். ஒவ்வொரு வசனமாகக் கேட்டு, இது அந்த வியாழக்கிழமை பேசினது, இது மழை பெய்த அன்றைக்கு, இது சாப்பாட்டுக்கு அப்புறம் தூக்கக் கலக்கத்தில் பேசினது என்று பிரித்துக்கொண்டே போனார், கொஞ்ச தூரம்தான் போக முடிந்தது. வில்லன் எதற்காக ஊரை எரிக்கிறான் என்று அவருக்குப் புரியவில்லை, புரிய வேண்டும் என்ற எண்ணமும் வரவில்லை. சாம்பல் காற்றில் எழுந்து தெரு முழுக்கப் பரவி, விழுகிற பஸ்ஸைத் தாங்கிப் பிடித்தபோது முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். பிடி, பிடி, விட்றாதே, ஐயோ போச்சு, இல்ல பிடிச்சிட்டான்! இந்த வயசில் இது என்ன கூத்து? வந்த வேலை என்ன, பார்க்கிற வேலை என்ன? தான் பேசின ஆளையே தனக்குத் தெரியாத யாரோ ஒருவனைப் போலப் பார்த்துக்கொண்டு, இவனுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டார். இவன் சாகிறதை முதல் நாளே பேசியாகிவிட்டது, மூன்று விதமாகச் செத்துக் காட்டி, இரண்டாவது நன்றாக இருக்கிறது என்று தேன்மொழி எடுத்துக்கொண்டாள், எல்லாம் தெரியும், தெரிந்தும் வேண்டிக்கொள்கிறார். அது வந்தேவிட்டது. உயரமான கட்டிடம், கயிறு அறுந்த லிஃப்டுக்குள் சனங்கள், கீழே தீ. இந்தத் தடவை முழு உடம்பும் சாம்பலாகி அந்த லிஃப்ட் குழியை அடைத்தால்தான் லிஃப்ட் நிற்கும், ஆனால் ஒன்றும் திரும்ப வராது, அது அவனுக்குத் தெரியும். சுவரில் லிஃப்டுக்காரர்களுக்கான அவசர போன் ஒன்று இருக்கிறது, அதை எடுக்கிறான், மிச்சம் இருக்கிற இரண்டு விரலால் வீட்டு நம்பரை அழுத்துகிறான். சவரிமுத்து சீட்டின் நுனிக்கு வந்தார். இதுதான், இந்த இடம்தான்.

பேப்பரில், "எனக்காகக் காத்திருக்காதே அன்பே, என் பயணம் நீண்டது" என்று இருந்தது. எந்த மடையன் பெண்டாட்டியிடம் இப்படிப் பேசுவான்? அது போகட்டும், வாயோடும் ஒட்டவில்லை, வட்டத்துக்குள் அந்த உதடு ஓரிடத்தில் அழுத்தி மூடுகிறது, மூடுகிற இடத்தில் உதட்டை மூடுகிற எழுத்து ஒன்று விழ வேண்டும், இல்லையென்றால் குரல் ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் என்று போய்விடும். "வேற ஒண்ணு சொல்லிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார், அன்றைக்குக் காலையிலிருந்தே தொண்டை கமறிக்கொண்டிருந்தது. மிரட்டாமல், நடிக்காமல், தினம் வேலைக்குப் போகிறபோது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ராணியிடம் சொல்வதைச் சும்மா சொல்லிப் பார்த்தார், ஒட்டுகிறதா என்று பார்க்க. ஒட்டியது. "நல்லா இருக்கு சார், இதையே டேக் போயிடலாம்" என்றாள் தேன்மொழி. ஆனால் டேக்கில் குரல் வரவில்லை, அடுத்ததிலும் வரவில்லை, அப்புறம்தான் அந்தப் பாத்துக்கறோம். இப்போது திரையில் மணி அடிக்கிறது, அந்தப் பக்கம் ஒரு பெண் ஹலோ என்கிறாள், பின்னால் பாத்திரச் சத்தம். சாம்பல் வீரன் வாயைத் திறந்தான்.

"நான்தான். நீ சாப்ட்டுப் படு. நான் வர நேரமாகும்."

தியேட்டரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. யார் இது? யாருடைய குரல் இது? கரகரவென்று, நடுவில் இழை விட்டு, 'படு' என்கிற இடத்தில் பாதி உடைந்து, யாரோ ஒரு கிழவன், ரொம்ப நாள் படுக்கையில் கிடந்து எழுந்தவன் பேசுகிற குரல். என் வார்த்தை, என் வீட்டு வார்த்தை, அதைப் பிடுங்கி எவனுக்கோ கொடுத்துவிட்டார்கள்! இதுதான் அவர்கள் பார்த்துக்கொண்ட லட்சணம். நெஞ்சில் கோபம் சுருசுருவென்று ஏறியது, தேன்மொழியை நாலு வார்த்தை கேட்க வேண்டும், உனக்கு நான் என்னம்மா குறை வைத்தேன் என்று கேட்க வேண்டும், ஆனால் இது என்ன, கண்ணில் தண்ணீர் வழிகிறது, எவன் பேசினானோ படுபாவி எப்படிப் பேசியிருக்கிறான்! முப்பது வருஷத்தில் நான் ஒருநாள் இப்படிப் பேசியிருப்பேனா. திருட்டுக் கொடுத்தவனே திருடனைக் கைதட்டிப் பாராட்டுகிற மாதிரி ஆகிவிட்டதே நிலைமை என்று குழம்பிப் போய் அழுதார். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ராணியின் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது, வலிக்கிற மாதிரி பிடித்தது, விடவில்லை. திரையில் சாம்பல் மெதுவாகக் குழிக்குள் இறங்கியது, லிஃப்ட் நின்றது, கதவு திறந்து சனங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியில் அந்தச் சமையலறை, மூடி வைத்த தட்டு, திறக்காத ஊறுகாய் பாட்டில்.

முடிந்துவிட்டது. பேர்கள் மேலே ஏற ஆரம்பித்தன. போகலாம், இனி என்ன இருக்கிறது, தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது, நான் இல்லை. எழுந்தார், வேறு ஒருவரும் எழவில்லை, இது என்ன அதிசயம், படம் முடிந்தால் கதவை இடித்துக்கொண்டு ஓடுகிற சனம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. யாராவது செத்ததற்கு மௌனம் அனுசரிக்கிறார்களோ என்றுகூட ஒரு நொடி நினைத்துவிட்டார். "உக்காருங்க அங்கிள், இன்னும் ஒரு சீன் இருக்கு" என்றது பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பெண். உட்கார்ந்தார். சீட் பின்னால் போனது. பேர்கள், பேர்கள், எவ்வளவு பேர், யாரும் படிக்காத பேர்கள். திரை இருண்டது. அதே லிஃப்ட், புது விளக்கு, ஒரு சிறுமி தனியாக உள்ளே வருகிறாள், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் நிற்கிறாள். சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது, "மேலயா, கீழயா?" கணீரென்று, மணி அடித்தது போல. தியேட்டர் எழுந்து கத்தியது, விசில், கைதட்டல், பக்கத்துப் பெண் சீட்டின் மேலேயே ஏறிவிட்டாள். வந்துட்டான்! சாகலை! சவரிமுத்துவும் எழுந்துவிட்டார். இதோ, இதுதான், இதுதான் நான்! கடைசி நாளில் இதையும் பேசினாரே, வட்டம்கூட இல்லை, வெறும் கறுப்பு, மூன்று நாலு தடவை சொல்லிப் பார்த்தார், காற்றுதான் வந்தது என்று நினைத்தோம், முதல் தடவை சரியாக வந்திருக்கிறது போல, அதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அதைத்தான் பாத்துக்கறோம் என்று சொல்லியிருக்கிறாள், தங்கமான பெண், அவளைப் போய்த் திட்டினேனே. இந்தக் கணீர்தானே என் குரல், குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்பது இதுதானே, டாக்டரம்மா என்னத்தைக் கண்டாள். சந்தோஷம் தாங்காமல் ராணி பக்கம் திரும்பினார். இப்போது சொல்வாள். இப்போதாவது சொல்வாள்.

ராணி உட்கார்ந்தபடியே இருந்தாள். "இது நீங்க இல்ல" என்றாள்.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை, சரியாகக் கேட்கவில்லையோ என்று குனிந்தார். அவள் திரும்பவும் அதையே சொன்னாள், சத்தமாக இல்லை, வாழைக்காய் சீவும்போது சொல்கிற அதே சாதாரணக் குரலில். "இது யாரோ சின்ன வயசுக்காரன். பத்து வருஷத்துக்கு முன்னாடி நீங்க பேசின மாதிரி பேசுறான்."

விளக்குகள் எரிந்தன. சனங்கள் சிரித்துப் பேசிக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனார்கள். குரல் மாறினது ஒருவருக்கும் தெரியவில்லை, ஒருவருக்கும். அவர் மெதுவாக உட்கார்ந்து, கையால் காதில் போன் வைப்பது போல ஜாடை காட்டினார், வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

"அது நீங்கதான்" என்றாள் ராணி. "போன்ல பேசினது நீங்கதான். அந்த வார்த்தை மட்டும் இல்ல, குரலும் உங்களுதுதான். ரெண்டு மாசமா அதுதானே உங்க குரல். பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சீங்களா?" அவள் கண் இரண்டும் சிவந்திருந்தன. "தாங்க முடியலங்க. ஊரே கேட்டு அழுகுது, நல்லாப் பேசியிருக்கான்னு அழுகுது. எனக்கு மட்டும்தான் தெரியுது, உள்ள ஏதோ சரியில்லைன்னு. டாக்டர்ட்ட போனீங்களா?"

எவனோ கிழவன் என்று நினைத்தாரே, அந்தக் கிழவன். ஒட்டுகிறதா என்று அன்றைக்குச் சும்மா சொல்லிப் பார்த்தபோதே மைக் ஓடியிருக்கிறது. எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது அந்தக் கிழவனை. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் முன் சீட்டின் முதுகையே பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார்.

"என்ன சொன்னாங்க?"

"கட்டி" என்றார். அந்தக் குரல்தான் வந்தது, கரகரவென்று, நடுவில் இழை விட்டு. முதல்முறையாக அதை அவரும் கேட்டார். "எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமாம். குரல் எப்படி இருக்கும்னு சொல்ல முடியாதாம். திங்கக்கிழமை வரச் சொன்னாங்க. வீட்ல யாரையாவது கூட்டிட்டு."

"வீட்ல யாரு இருக்கா, நானும் பூனையுந்தான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மூக்கையும் சேர்த்து. "அந்தப் படத்துக்காரி மாதிரி நான் தட்டை மூடி வச்சிட்டு உக்காந்திருக்க மாட்டேன், சொல்லிட்டேன். வெறும் வயித்துல வரணுமா?"

அவர் யோசித்தார். "கேக்கல."

"இதக்கூடக் கேக்காம வந்தீங்களா?" என்றாள் ராணி. பெருக்குகிறவர்கள் துடைப்பத்தோடு உள்ளே வந்து, இவர்கள் எழுந்திருப்பதற்காக ஓரமாக நின்றார்கள். திரையில் தமிழில் பேசியவர்கள் என்று போட்டு இரண்டு மூன்று பேர்கள் ஓடின. இவர்கள் இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை, அவள் பிளாஸ்க் மூடியில் மிச்ச வெந்நீரை ஊற்றிக்கொண்டிருந்தாள், அவர் அதை வாங்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.